கதியால் தழைத்த வேலி: பால்நிலை எதிர்பார்ப்பு என்பது என்ன?

நான் பின்னேரங்களில் ஒரு டியூட்டரியில் படிப்பிக்கிறேன். யாழ்ப்பாணத்து டியூட்டரி எப்படியிருக்கும் என்று தெரியும்தானே: தகரக் கொட்டகை, நீள வாங்குகள், ஒரு பக்கம் பெட்டையள், மற்றப் பக்கம் பொடியள், நடுவில் ஒரு ஆள் நடக்கிற இடைவெளி. போன மாதம் வகுப்பு முடிந்து எல்லாரும் சைக்கிள் எடுக்கப் போன நேரத்தில், உயர்தரம் படிக்கிற ஒரு பொடியன் திரும்பி வந்து கேட்டான்: "மிஸ், பெண்ணியம் எண்டால் ஆம்பிளையள எதிர்க்கிறதுதானே?" கிண்டலுக்குக் கேட்கவில்லை, தெரியாமல்தான் கேட்டான். மழை இருட்டிக்கொண்டு வந்தது, "இல்லையடா" என்று ஒரு சொல்லில் முடித்து அனுப்பிவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் அந்தப் பதில் காணாது என்று பட்டது.

அவனில் பிழை இல்லை. அந்தச் சொல் எங்கள் ஊரில் கட்டாக்காலி மாடு மாதிரித் திரிகிறது. விவாகரத்துக் கூடினால் பெண்ணியம், பிள்ளை ஜீன்ஸ் போட்டால் பெண்ணியம், மருமகள் மாமியோடு கோபித்துக்கொண்டு தாய்வீட்டுக்குப் போனால் அதுவும் பெண்ணியம். இன்னொரு பக்கம், "எங்கட வீட்டில அம்மாதான் எல்லாம், அப்பா வாயே திறக்கமாட்டார், இதுக்குள்ள என்ன பெண்ணியம்" என்று சிரிக்கிறவர்கள். இரண்டு கூட்டமும் இதை ஆணும் பெண்ணும் பிடிக்கிற கயிறிழுப்பாகத்தான் பார்க்கிறது.

பெண்ணியம் முதலில் ஒரு பார்வை. ஆய்வு எழுதுகிறவர்கள் இங்கே பெண்நிலைவாதம் என்றும் சொல்வார்கள். ஆண் என்றால் இப்படி, பெண் என்றால் இப்படி என்று நாங்கள் கேள்வி கேட்காமல் கடந்து போகிற எதிர்பார்ப்புகள் எங்கிருந்து வந்தன, அவற்றால் யாருக்கு என்ன கிடைக்கிறது, யாரிடமிருந்து என்ன போகிறது என்று கேட்கிற பார்வை. அந்த எதிர்பார்ப்புகள் எப்படி இயங்குகின்றன என்பதை மட்டும் இங்கே எழுதப் பார்க்கிறேன்.

## கல்யாண மண்டபத்தின் பின்பக்கம்

"சமையல் பெண்ணுக்கு இயல்பாக வருவது" என்று யாராவது சொன்னால் அவரை அடுத்த கல்யாண வீட்டில் மண்டபத்தின் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போங்கள். கிடாரத்துக்கு முன்னால் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நிற்பவர் ஆண். அவருக்கு உதவியாக நிற்பவர்களும் பெரும்பாலும் ஆண்கள். கோயில் மடைப்பள்ளியில் ஆண், அன்னதான மடத்தில் ஆண், ஹொட்டேலில் கொத்து ரொட்டி அடிப்பவரும் ஆண். முதல்நாள் இரவு அயல் பெண்கள் வந்து விடியவிடிய மரக்கறி வெட்டிக் கொடுத்திருப்பார்கள். அவர்களுக்குக் காசு இல்லை, தேத்தண்ணி உண்டு.

கை ஒன்றுதான், அகப்பை ஒன்றுதான், பருப்பும் ஒன்றுதான். வீட்டுக்குள் நடந்தால் அது பெண்ணின் இயல்பு, வெளியே வந்து அதற்கு ஒரு விலை விழுந்தவுடன் ஆணின் தொழில். தையலும் இப்படித்தான்: வீட்டில் மெஷின் மிதிப்பது பொம்பிளை வேலை, பட்டணத்துக் கடையில் காற்சட்டை தைப்பவர் பெயர்பெற்ற ரெய்லர். உடம்பில் ஊறிய இயல்பு என்றால் வாசலைத் தாண்டியதும் மாறுமா?

## பால் வேறு, பால்நிலை வேறு

இரண்டு சொற்களைப் பிரித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் போய்விடும். பால் என்பது உடல் சார்ந்தது. பால்நிலை என்பது அந்த உடலைப் பார்த்துச் சமூகம் கொடுக்கிற வேடம்: என்ன உடுக்கலாம், எவ்வளவு சத்தமாகச் சிரிக்கலாம், இரவு எத்தனை மணிக்குள் வீடு திரும்ப வேண்டும், யார் கணக்கு வழக்குப் பார்ப்பது, யார் அழலாம். இந்தியத் தமிழில் இதைப் பாலினம் என்கிறார்கள், நாங்கள் இலங்கையில் பால்நிலை என்று எழுதிப் பழகிவிட்டோம். அந்த வேடத்தை ஒருவர் சரியாகப் போட வேண்டும் என்று மற்றவர்கள் காத்திருப்பதுதான் பால்நிலை எதிர்பார்ப்பு.

இது எங்கள் இலக்கணத்திலேயே கொஞ்சம் தெரிகிறது. "குழந்தை அழுதது" என்கிறோம். அழுதான் என்றோ அழுதாள் என்றோ சொல்லத் தேவையில்லை, குழந்தை "அது"வாகவே தவழ்ந்து திரியலாம். கொஞ்சம் வளர்ந்ததும் "அது" போய் அவன், அவள் வருகிறது. அந்த விகுதியோடு சேர்ந்துதான் "ஆம்பிளைப் பிள்ளை அழலாமோ" என்பதும் "காலைச் சேர்த்து வைச்சு இரு பிள்ளை" என்பதும் வருகின்றன. ஆண், பெண் என்ற இரண்டு பெட்டிக்குள்ளும் அடங்காதவர்களுக்கு, திருநர்களுக்கு, இந்த இடத்திலிருந்தே மூச்சு முட்டத் தொடங்கிவிடுகிறது.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: பால் உடலோடு வருகிறது, பால்நிலை பிறகு போர்த்தப்படுகிறது. போர்த்தியதைத் தோல் என்று நம்பிவிடுகிறோம்.

## வேலி எப்படித் தழைக்கிறது

பழைய வேலி அடைத்த வளவு பார்த்தவர்களுக்கு இது லேசாக விளங்கும். முதலில் கதியால் நடுவார்கள். கிளுவை, பூவரசு, எது கிடைக்குதோ அதில் ஒரு தடி வெட்டி நட வேண்டியதுதான். மாரி வந்ததும் அது வேர்விட்டுத் தழைக்கும். பத்து வருடம் கழித்துப் பார்க்கிறவனுக்கு அது நட்ட தடி என்று தோன்றாது, முளைத்த மரம் என்றுதான் தோன்றும். கதியாலுக்குக் கதியால் கிடுகு, அதாவது பின்னிய தென்னோலை, கட்டுவார்கள். கிடுகு உக்கும், கறையான் அரிக்கும், அதனால் வருடாவருடம் பிரித்து அடைக்க வேண்டும். அந்தக் கிடுகைப் பின்னுவது பெரும்பாலும் யார்? பெண்கள்தான்.

பால்நிலை எதிர்பார்ப்பும் இப்படித்தான் இயங்குகிறது என்று நினைக்கிறேன். யாரோ நட்டது, வேர்விட்டு இயற்கை மாதிரி நிற்கிறது. ஆனால் தானாக நிற்பதில்லை, திரும்பத்திரும்ப அடைக்க வேண்டியிருக்கிறது. அடைக்கிற வேலை சின்னச் சின்ன வாக்கியங்களால் நடக்கிறது. விருந்தாளி வந்தவுடன் பத்து வயதுப் பிள்ளையைப் பார்த்து "போய்த் தேத்தண்ணி போடு" என்பதும், பக்கத்தில் பன்னிரண்டு வயது அண்ணனைப் பார்த்து ஒன்றும் சொல்லாமல் விடுவதும் ஒரு கிடுகு. தம்பியை அக்காவோடு காவலுக்கு அனுப்புவது இன்னொரு கிடுகு. அவனுக்கு ஏழு வயது, அவளுக்குப் பதினேழு, ஆனாலும் காவலாள் அவன். இப்படிப் பார்த்தும் கேட்டும் பிள்ளைகள் தங்கள் பங்கைப் பழகிக்கொள்வதற்குச் சமூகமயமாக்கல் என்று பெயர். பயங்கரமான சொல், விஷயம் இவ்வளவுதான்.

கண்காணிப்பு இல்லாமல் வேலி நிற்காது. எங்கள் ஊரின் கண்காணிப்புக் கமராவுக்குப் பெயர் "சனம் என்ன சொல்லும்". இந்தச் சனம் யார் என்று ஒருவரும் கண்டதில்லை. தனித்தனியாகப் போய்க் கேட்டால் "எனக்கு ஒண்டும் இல்லை, சனம்தான் கதைக்கும்" என்பார்கள். ஆனால் அந்தப் பயம் போதும்: பெண் தானே தன்னைப் பார்த்துக்கொள்வாள், தாய் மகளைப் பார்த்துக்கொள்வாள், மாமி மருமகளைப் பார்த்துக்கொள்வாள். "பெண்ணுக்குப் பெண்தானே எதிரி" என்று கண்டுபிடித்த மாதிரிச் சொல்கிறவர்கள் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள். மகள் பிழைத்தால் ஊர் முதலில் தாயின் வளர்ப்பைத்தான் கேட்கும். கணக்குக் கேட்கப்படுவது அவளிடம் என்றால் அவள் காவல் இருக்கத்தான் செய்வாள். ஆண்களுக்குச் சார்பாக முடிவுகளும் மதிப்பும் சாய்ந்திருக்கிற இந்த முழு ஏற்பாட்டைத்தான் ஆணாதிக்கம் என்கிறோம். அது ஒரு கெட்ட ஆணின் குணம் என்று நினைத்தால், நல்ல ஆண்கள் நிறைந்த வீட்டிலும் மகள்தான் ஏன் தேத்தண்ணி போடுகிறாள் என்பது விளங்காது.

வேலி நகரவும் செய்யும். 1990களில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் கண்ணில் காண முடியாது, மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் இருமியிருமி ஓட்டினார்கள். பள்ளிக்கூடம், கந்தோர், ஆஸ்பத்திரி, இடம்பெயர்வு, எல்லாமே சைக்கிளில். "பொம்பிளைப் பிள்ளை சைக்கிள் ஓடுறதோ" என்று முன்னர் முகம் சுளித்த வீடுகளிலேயே மகள் தாயைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போனாள். இன்று ஸ்கூட்டியில் போகிற பெண்ணை ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஒரு தலைமுறையில் இயற்கை இவ்வளவு மாறாது, எதிர்பார்ப்பு மாறும்.

(ஒரு இடைக்குறிப்பு. அந்த வேலிகளில் பொட்டு என்று ஒன்று இருந்தது, பக்கத்து வளவுக்குப் போக வர ஒரு சின்னத் திறப்பு. பெண்கள் ஒழுங்கையில் ஏறாமல் அதற்குள்ளால் போய் உப்பும் ஊர்க்கதையும் மாற்றிக்கொள்வார்கள். இப்போது வெளிநாட்டுக் காசில் எல்லா வளவுக்கும் மதில் வந்துவிட்டது. பொட்டு வைபருக்குப் போய்விட்டது.)

## வாயில் இருப்பது

மனைவி கணவனை "இஞ்சேருங்கோ" என்று கூப்பிடுவாள். அவர் பதிலுக்கு "இஞ்சேரும்" என்பார். ஒரே சொல், ஒரு விகுதி குறைவு. சிலருக்கு இது கொஞ்சலாகவே படும், கொஞ்சலாகவும் இருக்கலாம். ஆனால் யார் யாருக்கு "கோ" போட வேண்டும் என்பது கல்யாணத்தன்றே முடிவாகிவிடுகிறது, வயதோ படிப்போ அதில் சேர்த்தியில்லை.

கணவனை இழந்தவளுக்கு விதவை என்று ஒரு சொல் இருக்கிறது, அந்தச் சொல்லோடு ஒதுங்கி நிற்க வேண்டிய மங்கல காரியங்களின் பட்டியலும் இருக்கிறது. மனைவியை இழந்தவனுக்குத் தொல்காப்பியத்தில் "தபுதாரம்" என்று ஒரு நிலை உண்டு, ஆனால் அதை ஊரில் யாராவது வாயால் சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? பயன்படாத சொல் செத்துவிடும். வாழாவெட்டிக்கு ஆண்பால் பிறக்கவே இல்லை.

புகையிலை விளைந்த மண் இது, பழமொழியும் அதிலிருந்துதான்: "பொம்பிளை சிரிச்சாப் போச்சு, பொயிலை விரிச்சாப் போச்சு." பதப்படுத்திக் கட்டிய புகையிலையைப் பிரித்தால் மணமும் விலையும் போய்விடும் என்பது கமக்காரனுக்குத் தெரிந்த கணக்கு. அதே கணக்கைச் சிரிப்புக்கும் போடுகிறார்கள். இந்தப் பழமொழி எவ்வளவு நேர்மையானது என்று பாருங்கள், பெண்ணைச் சந்தைப் பொருளோடு ஒரே வரியில் வைத்துவிட்டு ஒளிக்கவும் இல்லை.

## வேலையா, உதவியா

"நான் மனிசிக்கு நல்லா உதவி செய்வன்" என்று சொல்கிற ஆண்கள் நல்லவர்கள். அந்தச் சொல்லைத்தான் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். உதவி என்றால் வேலை இன்னொருவருடையது என்று அர்த்தம். உங்கள் சட்டையை நீங்கள் தோய்ப்பது யாருக்கு உதவி?

சமைத்தல், கூட்டுதல், பிள்ளை பார்த்தல், படுக்கையில் கிடக்கிற மாமாவைத் துடைத்தல், இவை எல்லாம் சேர்ந்ததைச் சம்பளமில்லாப் பராமரிப்பு வேலை என்கிறார்கள். அரசாங்கக் கணக்கில் இது வேலையாக ஏறுவதில்லை. ஒரு அக்கா விடிய நாலு மணிக்கு எழும்பி இடியப்பம் அவித்துக் கடைக்குப் போட்டால் அவர் தொழிலாளர். அதே அக்கா அதே இடியப்பத்தை ஐந்து பேர் கொண்ட தன் வீட்டுக்கு அவித்தால் புள்ளிவிபரத்தில் அவர் "பொருளாதார ரீதியாக இயங்காதவர்". நாலு மணிக்கு எழும்பியவர் இயங்காதவராம்!

இலங்கையில் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகிறவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். ஆனால் தொழிற்படையில் ஆண்களில் ஏறத்தாழ 70 வீதம் பேர் இருக்கையில், பெண்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். படித்த பிள்ளைகள் எங்கே போனார்கள் என்று கேட்டால் வீட்டுக்குள் போய்ப் பார்க்க வேண்டும். அரசாங்க உத்தியோகத்தில் தாய்க்கு 84 வேலைநாள் பிரசவ லீவு, தகப்பனுக்கு 3 நாள். பிள்ளை யாருடைய பொறுப்பு என்று சட்டமே எண்ணிக் காட்டுகிறது.

வேலைக்குப் போகிறவர்களுக்கும் இது குறைவதில்லை. கந்தோரால் வந்து பையை வைத்துவிட்டு நேரே குசினிக்குள் போவதை அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹொக்சைல்ட் 1989இல் ஒரு பெயர் வைத்து எழுதினார்: இரண்டாவது வேலைநேரம். பகல் ஒரு ஷிப்ட், இரவு ஒரு ஷிப்ட், சம்பளம் ஒன்றுக்குத்தான். இதன் கனம் தெரிய வேண்டுமென்றால் வேலை நின்று பார்க்க வேண்டும். 1975 ஒக்டோபர் 24 அன்று ஐஸ்லாந்தில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பெண்கள் கந்தோர் வேலை, வீட்டு வேலை இரண்டையும் ஒரு நாள் விட்டுவிட்டு வெளியே வந்தார்கள். பாடசாலைகளும் கடைகளும் பூட்டிக் கிடக்க, தகப்பன்மார் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வேலைக்குப் போக வேண்டியதாயிற்று.

ஐஸ்லாந்துவரை போகத் தேவையில்லை. கேள்வி கேட்ட பொடியனுக்கு அடுத்த வகுப்பில் ஒரு சின்ன வேலை கொடுத்தேன்: இரவுச் சாப்பாட்டு நேரத்தில் யார் எத்தனை தரம் எழும்புகிறார்கள் என்று எண்ணிக்கொண்டு வா. அம்மா ஒன்பது, தங்கச்சி நாலு, அப்பா சைபர், தான் ஒன்று. அந்த ஒன்றும் ரிமோட் எடுக்க எழும்பியதாம்.

சுருக்கமாக: யார் நல்லவர், யார் கெட்டவர் என்பது இங்கே கேள்வியில்லை. எது வேலையாக எண்ணப்படுகிறது, எது அன்பாக எண்ணப்படுகிறது என்பதில்தான் சாய்வு இருக்கிறது.

## உறுதியில் ஒருவர், கையில் இன்னொருவர்

"யாழ்ப்பாணத்தில் வீடு வளவே பொம்பிளையின்ர பேரில்தான், இதைவிட என்ன உரிமை வேணும்?" இந்தக் கேள்வி வராத விவாதத்தை நான் பார்த்ததில்லை. பாதி சரி. எங்கள் வழக்காற்றுச் சட்டமான தேசவழமையை ஒல்லாந்தர் 1707இல் எழுத்தில் தொகுத்தார்கள். அதில் சொத்து முதுசம் (பரம்பரையாக வந்தது), சீதனம், தேடிய தேட்டம் (கல்யாணத்துக்குப் பிறகு தேடியது) என்று பிரிகிறது. சீதனம் மகளுக்குப் போகிற சொத்து. இதைப் பெருமையாகச் சொல்லலாம்தான்.

ஆனால் சொந்தம் வேறு, ஆளுகை வேறு. சொந்தம் என்பது காணி உறுதியில், அதாவது பத்திரத்தில், யார் பெயர் என்பது. ஆளுகை என்பது அதை விற்க, ஈடு வைக்க, கொடுக்க யாரால் முடியும் என்பது. தேசவழமைக்கு உட்பட்ட கல்யாணமான பெண் தன் பெயரில் உள்ள காணியை விற்பதற்குக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். 1911ஆம் ஆண்டுக் கட்டளைச்சட்டம் இதைச் சொல்கிறது. கணவன் நியாயமில்லாமல் மறுத்தால் அல்லது அவரைக் காணவில்லை என்றால் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போய் அனுமதி கேட்கலாம். கணவன் தன் காணியை விற்க இப்படி ஒரு சம்மதமும் தேவையில்லை. திறப்பு உங்களுடையது, ஆனால் பூட்டை இன்னொருவர் வந்துதான் திறக்க வேண்டும் என்றால் அந்த வீடு எவ்வளவு தூரம் உங்களுடையது? காணாமல் ஆக்கப்பட்ட கணவன்மாரின் கையெழுத்துக்கு எங்கே போவது என்பது போருக்குப் பிறகு வந்து நின்ற கேள்வி.

இந்த ஏற்பாடு ஆண்களையும் விட்டுவைப்பதில்லை, பெண்ணியம் அதையும் சேர்த்துத்தான் பேசுகிறது. சீதனத்தோடு டொனேஷன் என்று மாப்பிள்ளை வீட்டுக்கு ஒரு தொகை போகும், அது மாப்பிள்ளையின் தங்கச்சிக்குச் சீதனமாக அடுத்த வீட்டுக்குப் போகும். அந்தச் சுற்றைச் சுற்றவைக்கிற எஞ்சின் பெரும்பாலும் ஒரு அண்ணன். மூன்று தங்கச்சிமாரைக் கரைசேர்க்க இருபது வயதில் வெளிநாட்டுக்குப் போய், பனியில் நின்று உழைத்து, தலை நரைத்த பிறகு தனக்குப் பெண் பார்த்த அண்ணன்மார் இல்லாத ஒழுங்கை இங்கே இல்லை. உழைக்கிறவன்தான் ஆம்பிளை, உழைக்காதவன் தண்டச்சோறு. இதுவும் பால்நிலை எதிர்பார்ப்புத்தான், அந்த அண்ணன் அழுதால் அதற்கும் தடை.

## படம், தொடர், சாமத்திய வீட்டு வீடியோ

எதிர்பார்ப்புகளை வீடும் ஊரும் மட்டும் அடைக்கவில்லை, திரையும் அடைக்கிறது. ஒரு சராசரித் தமிழ்ப் படத்தை எடுங்கள். அவன் பின்னாலேயே திரிகிறான், அவள் வேண்டாம் என்கிறாள், இடைவேளைக்குப் பிறகு அவள் மனம் மாறுகிறது. இதை நூறு படத்தில் பார்த்து வளர்ந்த பொடியனுக்கு "வேண்டாம்" என்பது பதிலாகக் கேட்காது, முதல் பாதி என்றுதான் கேட்கும். டியூட்டரி வாசலில் நிற்கிற மோட்டார் சைக்கிள்களுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று யாராவது சொன்னால் நான் நம்பத் தயாரில்லை.

கதையைவிடக் கமரா கூடுதலாகப் பேசும். பெண் திரைக்கு வரும்போது கமரா எங்கே நிற்கிறது, எங்கிருந்து எங்கே நகர்கிறது என்று பாருங்கள். அது ஒரு ஆணின் கண் இருக்கிற இடத்தில் நின்று பார்க்கிறது, கொட்டகையில் இருக்கிற பெண்ணும் அந்தக் கண்ணாலேயே இன்னொரு பெண்ணைப் பார்க்க வேண்டியிருக்கிறது. இதை லோரா மல்வி என்ற பிரித்தானியத் திரைப்பட ஆய்வாளர் 1975இல் ஆண் பார்வை என்று பெயரிட்டு எழுதினார். எங்கள் ஊர்க் கல்யாண வீடியோவில் இதைச் சின்ன அளவில் பார்க்கலாம். காங்கேசன்துறைக் கடற்கரையில் மாப்பிள்ளை கையைக் கட்டிக்கொண்டு தூரத்தைப் பார்க்கிறார், பொம்பிளை குனிந்து வெட்கப்படுகிறா. வெட்கம் வராவிட்டால் வீடியோக்காரர் வரப்பண்ணுவார்.

படங்களை அளக்க ஒரு எளிய சோதனையும் உண்டு, அமெரிக்கக் கேலிச்சித்திரக்காரர் அலிசன் பெக்டல் 1985இல் ஒரு சித்திரக்கதையில் போட்டது. படத்தில் இரண்டு பெண்களாவது இருக்கிறார்களா, அவர்கள் ஒருவரோடொருவர் பேசுகிறார்களா, அந்தப் பேச்சு ஒரு ஆணைப் பற்றியதல்லாமல் வேறு எதையாவது பற்றியதா? சோதனையில் தேறியதால் படம் நல்லதாகிவிடாது. ஆனால் எத்தனை படம் தேறவில்லை என்று எண்ணத் தொடங்கினால் கொஞ்ச நேரத்தில் அலுத்துவிடும்.

தொலைக்காட்சித் தொடர்களைப் பற்றி எனக்குக் கொஞ்சம் வேறு அபிப்பிராயம். கொடுமைக்கார மாமி, கண்ணீர் விடும் மருமகள் எல்லாம் பழைய கிடுகுதான், மறுக்கவில்லை. ஆனால் என் பெரியம்மா ஏன் இரவு எட்டரைக்கு அசையாமல் இருக்கிறா? குசினிக்குள் நடக்கிற ஒரு அவமானத்தை உலகப் பிரச்சினை மாதிரி இசை போட்டு மூன்று பக்கத்திலிருந்து காட்டுகிற ஒரே இடம் அதுதான். அவவின் வாழ்க்கையில் நடந்ததை வேறு யாரும் அவ்வளவு பெரிதாக எடுத்ததில்லை.

சாமத்திய வீடும் இப்போது திரைக்குள் போய்விட்டது. முன்னர் அது உறவுக்குள் ஒரு அறிவிப்பு: வீட்டில் ஒரு பெண் பெரியபிள்ளையாகிவிட்டாள், மாமன் தண்ணீர் வார்க்கிறார், ஆலாத்தி எடுக்கிறார்கள். இன்று மண்டபம், ட்ரோன் கமரா, படப்பாட்டு. வெளிநாட்டு மாமாவின் வசதியும் அதில் சேர்ந்து தெரிகிறது. பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் உடம்பில் நடந்த ஒரு விஷயத்தை அறுநூறு பேருக்குச் சாப்பாடு போட்டுச் சொல்ல வேண்டுமா என்று அந்தப் பிள்ளையிடம் யாரும் கேட்பதில்லை. அண்ணனுக்குக் குரல் உடைந்தபோது மண்டபம் எடுத்தோமா?

## எல்லாருக்கும் ஒரே வேலி இல்லை

இங்கே ஒரு எச்சரிக்கை. "பெண்" என்று பொதுவாகப் பேசும்போது வேலிக்குள் இருக்கிற பெண்ணைத்தான் நினைத்துக்கொள்கிறோம். வெங்காயத் தோட்டத்தில் புல்லுப் பிடுங்கப் போகிற பெண்ணுக்கு "வீட்டுக்குள்ள இரு" என்று யாரும் சொல்லவில்லை, வெளியே வா என்றுதான் கூப்பிட்டார்கள், ஆணைவிடக் குறைந்த நாட்கூலிக்கு. ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் மேற்சட்டை போடவும் நகை அணியவும் தடை இருந்த ஊர் இது. அடக்கம், நாணம் என்று ஒரு பக்கத்துப் பெண்ணிடம் கட்டாயப்படுத்தியதை இன்னொரு பக்கத்துப் பெண்ணுக்கு மறுத்தார்கள். சாதிக்குள்ளேயே கல்யாணம் நடக்க வேண்டும் என்றால் மகளின் போக்குவரத்தைக் காவல் காக்க வேண்டும். ஆகவே சாதி வேலியும் பால்நிலை வேலியும் ஒரே கதியாலில்தான் கட்டியிருக்கின்றன.

போரும் இதைக் குழப்பியது. பெண்கள் ஆயுதம் தூக்கினார்கள், மோட்டார் சைக்கிள் ஓடினார்கள், தலைமயிரை இரட்டைப் பின்னலாக மடித்துக் கட்டினார்கள். 2009க்குப் பிறகு உயிரோடு திரும்பி வந்தவர்களிடம் ஊர் பழைய கேள்வியைத்தான் கேட்டது: இவளை யார் கட்டுவது?

## வெளிநாட்டுச் சரக்கா?

"இதெல்லாம் வெள்ளைக்காரன்ர சாமான்" என்பது கடைசியாக வருகிற அம்பு. மேலே இரண்டு மூன்று வெளிநாட்டுப் பெயர் நானே எழுதிவிட்டேன், ஆகவே பதில் சொல்ல வேண்டும். 1824இல் உடுவிலில் அமெரிக்க மிஷனரிகள் பெண்களுக்கு விடுதிப் பள்ளிக்கூடம் தொடங்கினார்கள், அது வெளியிலிருந்து வந்ததுதான். ஆனால் 1920களில் மங்களம்மாள் மாசிலாமணி யாழ்ப்பாணத்திலிருந்து "தமிழ்மகள்" என்று பத்திரிகை நடத்தியபோது அவரை யாரும் கப்பலில் ஏற்றி அனுப்பவில்லை. 1986இல் ஈழத்துப் பெண்களின் கவிதைகள் "சொல்லாத சேதிகள்" என்று தொகுப்பாக வந்ததும், பல்கலைக்கழகத்தில் உடற்கூற்றியல் படிப்பித்த ராஜினி திராணகம இங்கே பெண்களுக்காகப் பூரணி இல்லத்தில் உழைத்ததும், 1989 செப்டெம்பர் 21 அன்று சுட்டுக் கொல்லப்படும்வரை ஆயுதம் வைத்திருந்த எல்லாத் தரப்பையும் கேள்வி கேட்டதும் இந்த மண்ணில் நடந்தவை.

எதிர்ப்பும் இந்த மண்ணிலேயே இருந்தது. 1913இல் மருதனார்மடத்தில் பெண்களுக்குக் கல்லூரி கட்டிய சேர் பொன்னம்பலம் இராமநாதனே பெண்களுக்கு வாக்குரிமை வேண்டாம் என்றவர். படிப்பு வரை சரி, முடிவெடுக்கிற இடம் வரை சரியில்லை. 1931இல் வாக்குரிமை வந்தது. உள்ளூராட்சி சபைகளில் பெண்களுக்கு 25 வீத ஒதுக்கீடு முதன்முதல் நடைமுறைக்கு வந்தது 2018இல். இடையில் 87 வருடம்.

## அப்படியென்றால் பண்பாடு?

அந்தப் பொடியனின் அடுத்த கேள்வி இதுதான், எதிர்பார்த்தேன்: "எல்லாத்தையும் மாத்தினா எங்கட பண்பாடு அழிஞ்சுபோகாதா மிஸ்?"

பழைய படங்களைப் பாருங்கள். எங்கள் பூட்டன்மாருக்குக் குடுமி இருந்தது, காதில் கடுக்கன் இருந்தது, இடுப்பில் வேட்டி இருந்தது. குடுமி போய் கிறொப் வந்தது, வேட்டி போய் நீளக் காற்சட்டை வந்தது, கடுக்கன் போன இடம் தெரியவில்லை. இன்று ஒரு பொடியன் காது குத்திக்கொண்டு வந்தால் "என்னடா பெட்டையள் மாதிரி" என்கிறோம், பூட்டனின் காதை மறந்துவிட்டு. ஆண்கள் தலையிலிருந்து கால்வரை மாறினார்கள், பண்பாடு அழிந்ததாக ஒருவரும் துக்கம் அனுட்டிக்கவில்லை. பண்பாட்டைச் சுமக்கிற வேலையும் பெண்ணின் வீட்டு வேலைப் பட்டியலில் எப்போதோ சேர்ந்துவிட்டது.

என் பூட்டனார் குடுமியை எந்த வருடம் வெட்டினார் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் நினைவில்லை. சின்னம்மா தலைமயிரைத் தோளளவுக்கு வெட்டியது நல்லூர்க் கொடியேற்றத்துக்கு முதல்நாள், செவ்வாய்க்கிழமை, பின்னேரம் என்று ஒன்றுவிட்ட மச்சான்மார்வரை எல்லாருக்கும் தெரியும்.